நமக்கு இருப்பது ஒரே ஒரு வானம்

சில மாதங்களுக்கு முன், ஓர் இரவு தூக்கம் பிடிக்காமல், பிரபஞ்சத்தின் மிகப் பழைய ஒளியை அளந்த நாசாவின் கோபி (COBE) செயற்கைக்கோளின் அளவீட்டு அட்டவணையை இணையத்திலிருந்து இறக்கி நானே வரைபடமாகப் போட்டுப் பார்த்தேன். பெரிய வேலை ஒன்றும் இல்லை. மொத்தம் 43 வரிசைகள். ஒவ்வொன்றிலும் ஓர் அதிர்வெண், அந்த அதிர்வெண்ணில் வானம் எவ்வளவு பிரகாசம், அந்த அளவீட்டில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்ற விவரம், அவ்வளவுதான். அவற்றைப் புள்ளிகளாக வைத்துவிட்டு, மேலே மாக்ஸ் பிளாங்க் 1900-இல், சூடான பொருள் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒளி வீசும் என்று எழுதிய சூத்திரத்தை, வெப்பநிலை 2.725 கெல்வின் என்று கொடுத்து, ஒரு கோடாக வரைந்தேன். புள்ளிகள் எல்லாம் கோட்டின் மேலேயே போய் உட்கார்ந்துவிட்டன. பிழைக்கோடுகளைத்தான் காணவில்லை. நிரலில் எதையோ விட்டிருக்கிறேன் என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். விடவில்லை. அவை கோட்டின் தடிமனுக்குள்ளேயே மறைந்திருந்தன. பிழைகளை 400 மடங்கு பெருக்கிப் போட்ட பிறகுதான் கண்ணுக்குத் தெரிந்தன.

அந்த 43 புள்ளிகளும் ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் கிளம்பிய ஒளி. அதைப் பற்றி எத்தனையோ முறை படித்திருக்கிறேன். ஆனால் புள்ளிகளை நானே போட்டுப் பார்த்த அன்றுதான் ஒன்று உறைத்தது: இந்த ஒளியைப் பிரபஞ்சத்தின் 'குழந்தைப் படம்' என்று எல்லோரும் சொல்கிறோமே, அந்தப் பெயர் அதன் அருமையைப் பாதி மறைத்துவிடுகிறது. படம் என்றால் பார்த்துவிட்டு 'அட' என்று சொல்வதோடு முடிந்துவிடும். இது அளந்து பார்க்கவேண்டிய சோதனை. வேறு யாரும் செய்துகாட்ட முடியாத ஒரு பரிசோதனை நடந்து முடிந்து, அதன் அளவீடுகள் வானம் முழுக்க எழுதிவைக்கப்பட்டிருக்கின்றன. அந்தப் பரிசோதனையில் இயற்பியலின் எந்தெந்தப் பாடங்கள் தேறின என்பதைப் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

முதலில் அடிப்படைக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் பிரபஞ்சம் கொதிக்கும் பிளாஸ்மா. எலக்ட்ரான்கள் அணுக்களில் கட்டுப்படாமல் அலைந்துகொண்டிருந்தன, ஒளித்துகள்கள் கொஞ்ச தூரம்கூட நேராகப் போகமுடியாமல் அவற்றின் மேல் மோதிச் சிதறிக்கொண்டே இருந்தன. மூடுபனிக்குள் விளக்கு வைத்தது போல, எங்கும் வெளிச்சம், ஆனால் எதுவும் தெரியாது. பிரபஞ்சம் விரிந்து விரிந்து, ஏறத்தாழ 3,80,000 ஆண்டுகள் ஆனபோது வெப்பநிலை 3000 கெல்வினுக்கு இறங்கியது. எலக்ட்ரான்களும் புரோட்டான்களும் சேர்ந்து ஹைட்ரஜன் அணுக்கள் ஆகின, பனி விலகியது, ஒளி தன் வழியே போக ஆரம்பித்தது. அன்று முதல் இன்று வரை பிரபஞ்சம் கிட்டத்தட்ட 1090 மடங்கு விரிந்திருக்கிறது. அந்த ஒளியின் அலைநீளமும் அதே அளவு நீண்டு, கண்ணுக்குத் தெரியும் ஒளியாக இருந்தது இன்று நுண்ணலையாக வந்து சேர்கிறது. அதனால்தான் பிரபஞ்ச நுண்ணலைப் பின்னணி என்று பெயர். நீங்கள் இருக்கும் இடத்திலும், இரண்டு விண்மீன் திரள்களுக்கு நடுவே உள்ள வெறுமையிலும், ஒவ்வொரு கன சென்டிமீட்டருக்கும் இந்த ஒளித்துகள்கள் ஏறத்தாழ 411 இருக்கின்றன.

1964-இல் நியூ ஜெர்சியில் ஆர்னோ பென்சியாஸும் ராபர்ட் வில்சனும் ஒரு கொம்பு வடிவ ஆன்டெனாவில் எங்கிருந்தோ வரும் இரைச்சலை ஒழிக்கப் பாடுபட்டதும், உள்ளே குடியிருந்த புறாக்களை விரட்டியதும் எல்லோரும் சொல்லும் கதை. அதை விட்டுவிடுகிறேன். எனக்கு அதைவிடப் பிடித்த கதை இன்னொன்று உண்டு, பிறகு வருகிறேன்.

பிளாங்க் கோட்டின் மேல் புள்ளிகள் உட்கார்வதில் அப்படி என்ன இருக்கிறது? அந்தச் சூத்திரம் கரும்பொருள், அதாவது தன்மேல் விழும் ஒளி முழுவதையும் விழுங்கும் பொருள், வெளிவிடும் கதிர்வீச்சுக்கு உரியது. ஒளியும் பொருளும் ஒன்றோடு ஒன்று போதுமான நேரம் கொடுக்கல் வாங்கல் நடத்தி, ஒரே வெப்பநிலைக்கு வந்து சேர்ந்த இடத்தில் மட்டும்தான் அந்த வடிவம் அச்சாக வரும். விண்மீன்களின் ஒளியைக் கலந்தாலும் வராது, தூசியின் வெப்பத்தைக் கலந்தாலும் வராது, ஏனென்றால் பல வெப்பநிலைகளின் கலவை ஒற்றை வெப்பநிலையின் கோட்டிலிருந்து எங்காவது விலகியே தீரும். கோபியின் கருவி இங்கே ஒரு நல்ல உத்தியைக் கையாண்டது. வானத்தின் பிரகாசத்தைத் தனியாக அளக்காமல், தன்னுள்ளேயே வைத்திருந்த, வெப்பநிலை தெரிந்த ஒரு கரும்பொருளோடு ஒப்பிட்டு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் அளந்தது. அந்த வித்தியாசம், உச்சப் பிரகாசத்தில் 10 லட்சத்தில் 50 பங்குக்கும் குறைவு. செயற்கைக்கோள் 1989 நவம்பரில் ஏவப்பட்டது. அடுத்த ஜனவரியில், வெறும் ஒன்பது நிமிட அளவீட்டிலிருந்து வரைந்த கோட்டை, அந்தக் கருவியின் தலைமை விஞ்ஞானி ஜான் மாதர் அமெரிக்க வானியல் சங்கக் கூட்டத்தில் காட்டியபோது, அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

இதே நேரத்தில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஹெர்பர்ட் குஷ் என்பவரும் இதே அளவீட்டுக்காகப் பல ஆண்டுகள் உழைத்துக்கொண்டிருந்தார், ராக்கெட்டில் ஒரு சிறிய கருவியை வைத்து. தாமதத்துக்கு மேல் தாமதம். கடைசியில் அவர் குழுவின் ராக்கெட் பறந்தது 1990 ஜனவரி 20-ஆம் தேதி, மாதர் தன் கோட்டைக் காட்டிய சில நாட்களிலேயே. விடை 2.736 கெல்வின், அப்பழுக்கற்ற கரும்பொருள். மாதருக்குக் கிடைத்த நோபல் பரிசைப் பற்றிப் பேசும்போது குஷ்ஷின் பெயர் அதிகம் அடிபடுவதில்லை. எனக்கு அது வருத்தம்தான், ஏனென்றால் கோபியின் விடையை நாம் இவ்வளவு உறுதியாக நம்புவதற்கு ஒரு காரணம், வேறொரு கருவியும் வேறொரு குழுவும் அதே நேரத்தில் அதே எண்ணைத் தொட்டார்கள் என்பது.

இந்தக் கோடு இவ்வளவு பிசகாமல் இருப்பதே ஒரு பெரிய தடைச்சட்டம் போலத்தான். பிரபஞ்சம் தோன்றி ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்குப் பிறகு, ஏதோ ஒரு துகள் சிதைந்தோ, வேறு ஏதோ நடந்தோ, அந்த ஒளிக்கடலுக்குள் கூடுதல் ஆற்றலைக் கொட்டியிருந்தால், அதைப் பழையபடி ஒற்றை வெப்பநிலைக்குக் கொண்டுவர நேரம் போதாது, கோட்டில் தழும்பு விழுந்திருக்கும். தழும்பு இல்லை. ஆகவே கொட்டியிருக்கக்கூடிய ஆற்றல் மொத்தத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இருக்கமுடியாது. புதுத் துகள்களைக் கற்பனை செய்கிறவர்கள் எல்லோரும் இந்த வாசலைத் தாண்டித்தான் உள்ளே வரவேண்டியிருக்கிறது.

சரி, முன்னே சொன்ன கதை. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1941-இல், கனடாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ மெக்கெல்லர், விண்மீன்களுக்கு இடையே மிதக்கும் சயனோஜென் மூலக்கூறுகள் ஒளியை எப்படி உறிஞ்சுகின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மூலக்கூறுகளில் சில, மிகக் குறைந்த ஆற்றல் நிலையில் இல்லாமல் ஒரு படி மேலே சுழன்றுகொண்டிருந்தன. எத்தனை மேல் படியில், எத்தனை கீழ்ப் படியில் என்று தெரிந்தால் அவற்றைச் சூழ்ந்திருக்கும் வெப்பநிலை தெரிந்துவிடும். அவர் கணக்கிட்டது 2.3 கெல்வின். எதனால் அந்த வெப்பம் என்று அப்போது யாருக்கும் விளங்கவில்லை. ஏழு ஆண்டுகள் கழித்து, 1948-இல், ரால்ஃப் ஆல்ஃபரும் ராபர்ட் ஹெர்மனும் பெருவெடிப்பின் மிச்ச வெப்பம் 5 கெல்வின் அளவில் இருக்கவேண்டும் என்று எழுதினார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஆள் இல்லை. பென்சியாஸும் வில்சனும் தம் இரைச்சலோடு மல்லுக்கட்டுவதற்கு 23 ஆண்டுகள் முன்பே, வானத்தில் மிதக்கும் ஒரு மூலக்கூறு தெர்மாமீட்டராக இருந்து எண்ணைச் சொல்லிவிட்டிருந்தது.

இந்த உத்தியை 2000-இல் புணேயின் வானியல் மையத்தைச் சேர்ந்த ஆர். ஸ்ரீஆனந்த் தன் பிரெஞ்சு சகாக்களோடு சேர்ந்து வேறொரு உயரத்துக்குக் கொண்டுபோனார். விரிவினால் பிரபஞ்சம் குளிர்ந்துகொண்டே வந்தது என்பது உண்மையானால், முன்பு அது இன்னும் சூடாக இருந்திருக்கவேண்டும் அல்லவா? வெறும் கணக்காகச் சொல்லாமல், அந்தக் காலத்து வெப்பத்தை நேரடியாக அளக்க முடியுமா? அவர்கள் ஒரு தொலைதூரக் குவாசாரின் (மிகப் பிரகாசமான விண்மீன் திரள் மையத்தின்) ஒளி, வழியில் ஒரு வாயு மேகத்தைக் கடந்துவந்ததைப் பிடித்தார்கள். அந்த மேகம் இருந்தது ஏறத்தாழ 1100 கோடி ஆண்டுகளுக்கு முன், செம்பெயர்ச்சி 2.34, அதாவது அதன் பிறகு பிரபஞ்சம் 3.34 மடங்கு விரிந்திருக்கிறது. அங்கிருந்த கார்பன் அணுக்கள் எந்தப் படியில் நின்றன என்பதை வைத்து அவர்கள் சொன்ன வெப்பநிலை 6-க்கும் 14-க்கும் இடையே. கோட்பாடு எதிர்பார்ப்பது 9.1. அளவீட்டின் இடைவெளி பெரிதுதான், ஆனால் 2.7 அல்ல என்பது உறுதி. இதைப் படித்த நாளிலிருந்து, பிரபஞ்சம் குளிர்ந்துவந்தது என்பதை நான் ஓர் அனுமானமாக நினைப்பதை விட்டுவிட்டேன்.

அடுத்து, என்னை ரொம்ப நாள் குடைந்த ஒரு கேள்வி. ஹைட்ரஜன் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்க்க 13.6 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும் என்று பள்ளியிலேயே படிக்கிறோம். அதை வெப்பநிலையாக மாற்றினால் ஒன்றரை லட்சம் கெல்வினுக்கும் மேலே வரும். அப்படியானால் பிரபஞ்சம் ஒன்றரை லட்சம் கெல்வினுக்குக் குளிர்ந்தபோதே அணுக்கள் உருவாகியிருக்க வேண்டாமா? ஏன் 3000 வரை காத்திருந்தது?

பெரும்பங்கு விடை, எண்ணிக்கையில் இருக்கிறது. ஒவ்வொரு புரோட்டானுக்கும் நூறு கோடிக்கு மேற்பட்ட ஒளித்துகள்கள் இருந்தன. சராசரி ஒளித்துகள் பலவீனமாகிவிட்டாலும், கூட்டம் அவ்வளவு பெரிது என்பதால், அணுவை உடைக்கும் பலம் உள்ள சிலர் எப்போதும் மிஞ்சியிருந்தார்கள். அவர்களும் தீர்ந்தபிறகுதான் அணு நிலைக்க முடிந்தது.

ஆனால் இதோடு முடியவில்லை, உள்ளே இன்னொரு நுட்பம் இருக்கிறது, இந்தக் கட்டுரையில் நான் எதையாவது ஆசையாகச் சொல்லவேண்டும் என்றால் அது இதுதான். ஓர் எலக்ட்ரான் நேராக அணுவின் அடிப்படியில் வந்து விழுந்தால், அப்போது வெளிவரும் ஒளித்துகளுக்குப் பக்கத்து அணுவை உடைக்கும் பலம் இருக்கும். ஓர் அணு பிறந்தது, ஓர் அணு செத்தது, நிகர லாபம் பூஜ்யம். சரி, இரண்டாம் படியில் நின்று, அங்கிருந்து முதல் படிக்கு இறங்கினால்? அப்போது வரும் ஒளித்துகளைப் பக்கத்து அணு விழுங்கி, தானும் இரண்டாம் படிக்கு ஏறிவிடும், அந்த உயரத்தில் இருக்கும் அணுவை உடைப்பது சுலபம். மறுபடியும் லாபம் இல்லை. வழியே அடைபட்டது போல இருக்கிறது. திறந்திருந்தது ஒரு சந்து. இரண்டாம் படியிலேயே 2எஸ் என்று ஒரு நிலை உண்டு, அதிலிருந்து ஓர் ஒளித்துகளை மட்டும் வெளியிட்டு இறங்குவது விதிப்படி தடைபட்டது. ஆனால் இரண்டு ஒளித்துகள்களை ஒரே நேரத்தில் வெளியிட்டு, ஆற்றலை இருவருக்கும் பகிர்ந்து கொடுத்து இறங்கலாம். பகிர்ந்துகொண்ட இருவரில் யாருக்கும் பக்கத்து அணுவைத் தொந்தரவு செய்யும் அளவு ஆற்றல் இருக்காது. அணு தப்பித்துவிடும்.

இந்த இறக்கம் மிக மெதுவானது. வழக்கமான இறக்கத்துக்கு 1.6 நானோ நொடி போதும், இதற்கு நொடியில் எட்டில் ஒரு பங்கு ஆகும், அதாவது ஏழு கோடி மடங்கு மெதுவு. நொடிக்கு எத்தனை முறை நடக்கும் என்பதை கிரெகரி ப்ரைட்டும் எட்வர்ட் டெல்லரும் 1940-இல் கணக்கிட்டார்கள், ஆதிப் பிரபஞ்சத்தை நினைத்து அல்ல, வேறு நோக்கத்தில். 1968-இல் பிரின்ஸ்டனில் ஜிம் பீபிள்ஸும், மாஸ்கோவில் ஸெல்டோவிச், கூர்ட், சுன்யாயெவ் மூவரும், தனித்தனியாகக் கணக்குப் போட்டு, ஆதிப் பிரபஞ்சத்தின் ஹைட்ரஜனில் பாதிக்கும் மேற்பட்டது இந்தச் சந்து வழியாகத்தான் அணுவாகியது என்று கண்டார்கள். பனி எவ்வளவு சீக்கிரம் விலகியது என்பதை ஓர் அணுவின் சோம்பல் தீர்மானித்திருக்கிறது!

அந்த வேகம் மாறினால் வானத்தில் தெரியும் கோலமும் மாறும். ஆகவே, இந்த ஒளியை அளந்த ஐரோப்பாவின் பிளாங்க் செயற்கைக்கோளின் குழு 2015-இல் கேள்வியைத் திருப்பிப் போட்டது: வானத்தை மட்டும் பார்த்து அந்த வேகத்தைச் சொல்ல முடியுமா? விடை, நொடிக்கு 7.75, பிழை கூட்டியோ குறைத்தோ 0.61. குவாண்டம் கணக்கு சொல்வது 8.22. பிழை எல்லைக்குள் இரண்டும் ஒன்று. 1380 கோடி ஆண்டுகளுக்கு முன், எந்த உயிரும் எந்த விண்மீனும் இல்லாத ஓர் இடத்தில் இருந்த ஹைட்ரஜன், இன்றைய ஹைட்ரஜன் பின்பற்றும் அதே விதியைப் பின்பற்றியிருக்கிறது, அதுவும் ஒரு நுணுக்கமான, தடைபட்ட, சந்து வழி விதியை. 'இயற்கை விதிகள் எங்கும் எப்போதும் ஒன்றே' என்று பாடப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் போகிற போக்கில் எழுதிவிடுகிறோம். அதை ஒருவர் சரிபார்த்திருக்கிறார் என்பதும், விடை எண்ணாகவே கையில் இருக்கிறது என்பதும் எனக்கு இன்னமும் நம்பமுடியாத சந்தோஷம்.

இப்போது ஒலிக்கு வருகிறேன்.

வானத்தின் வெப்பநிலை எங்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நம் சூரியன் இந்த ஒளியைப் பொறுத்து நொடிக்கு 370 கிலோமீட்டர் வேகத்தில் போவதால் ஒரு பக்கம் சற்றுச் சூடாகவும் எதிர்ப்பக்கம் சற்றுக் குளிர்ந்தும் தெரிகிறது. அதைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது ஒரு லட்சத்தில் ஒரு பங்கு அளவிலான ஏற்ற இறக்கங்கள் மட்டுமே. 1992-இல் கோபி இவற்றை முதலில் கண்டது. பிறகு 2001-இல் ஏவப்பட்ட டபிள்யூமேப், 2009-இல் ஏவப்பட்ட பிளாங்க், தென்துருவத்திலும் சிலியின் அட்டகாமா பாலைவனத்திலும் உள்ள தொலைநோக்கிகள் எல்லாம் அவற்றைக் கூர்மையாக்கின. நீலமும் சிவப்புமாகப் புள்ளி தெளித்த அந்த முட்டை வடிவப் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது வெறும் தெளிப்பு அல்ல. ஒலியின் தடம்.

பனி விலகுமுன், ஒளியும் பொருளும் பிணைந்து ஒரே பாய்மம் போல இருந்தன என்று சொன்னேன். எங்காவது பொருள் சற்று அதிகம் இருந்தால், ஈர்ப்பு இன்னும் கொஞ்சத்தை உள்ளே இழுக்கும். இழுக்க இழுக்க நெருங்கும், நெருங்கினால் ஒளியின் அழுத்தம் ஏறி வெளியே தள்ளும். தள்ளினால் விரியும், விரிந்தால் அழுத்தம் குறைந்து மறுபடி ஈர்ப்பு ஜெயிக்கும். நெருங்குவதும் விரிவதும் மாறி மாறி நடந்தால் அதற்குப் பெயர் ஒலி. அந்தப் பாய்மத்தில் ஒலியின் வேகம் ஒளி வேகத்தில் பாதிக்கும் மேலே. பனி விலகிய அந்தக் கணத்தில் அழுத்தம் கொடுத்துவந்த ஒளி ஓடிப்போய்விட்டது, ஒலி அப்படியே உறைந்துவிட்டது. யார் எந்த நிலையில் இருந்தார்களோ, நெருங்கிய நிலையிலோ விரிந்த நிலையிலோ, அதுவே வானத்தில் பதிவாகிவிட்டது, கல்லில் வெட்டியது போல.

அதுவரை ஒலி எவ்வளவு தூரம் போயிருக்க முடியும் என்பதைக் கணக்கிட்டுச் சொல்லிவிடலாம், ஏறத்தாழ 4.4 லட்சம் ஒளியாண்டு. ஆகவே வானத்தில் நமக்கு நீளம் தெரிந்த ஓர் அளவுகோல் கிடைத்துவிட்டது. அந்த அளவுகோல் இன்று எவ்வளவு கோணத்தில் தெரிகிறது? ஏற்ற இறக்கங்கள் எந்தக் கோண அளவில் எவ்வளவு வலுவாக இருக்கின்றன என்று வரைந்தால் வரிசையாகச் சில உச்சங்கள் தெரியும். முதல் உச்சம் விழுவது கிட்டத்தட்ட ஒரு பாகையில், முழு நிலாவின் அகலத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. வெளி வளைந்திருந்தால் இந்தக் கோணம் பெரிதாகவோ சிறிதாகவோ தெரியும், பூதக்கண்ணாடி வழியே பார்ப்பது போல. 1998 டிசம்பர் கடைசியில் அன்டார்க்டிகாவின் மேலே பத்து நாள் சுற்றிய பூமராங் என்ற பலூன், 2000 ஏப்ரலில் வெளியான முடிவில், இந்தக் கோணம் வளையாத தட்டை வெளிக்கு உரியது என்று காட்டியது. பள்ளியில் படித்த முக்கோணத்தின் மூன்று கோணங்களும் 180 பாகை என்பது, காணக்கூடிய பிரபஞ்சத்தின் அளவிலும் பொருந்துகிறது. அதே அளவுகோல் பிரபஞ்சத்தோடு விரிந்து இன்று ஏறத்தாழ 48 கோடி ஒளியாண்டு நீளம் ஆகியிருக்கிறது, விண்மீன் திரள்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரத்தில் அமைகின்றன என்பதிலும் அதன் சுவடு 2005-இல் கண்டுபிடிக்கப்பட்டது.

இரண்டாம் உச்சமும் மூன்றாம் உச்சமும்தான் எனக்கு இன்னும் பிடித்தவை. முதல் உச்சம், ஒருமுறை நெருங்கி முடித்த அலைகள். இரண்டாவது, நெருங்கிப் பிறகு விரிந்து முடித்தவை. மூன்றாவது, நெருங்கி, விரிந்து, மீண்டும் நெருங்கியவை. இப்போது ஒரு வில்சுருளின் நுனியில் எடை கட்டித் தொங்கவிட்டு ஆட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். எடை கூடினால் கீழே போவது அதிகமாகும், மேலே வருவது அப்படி ஆகாது. பாய்மத்தில் அணுப்பொருளின் பங்கு கூடினால் நெருங்கும் பக்கம் ஓங்கும், ஆகவே முதல் உச்சம் உயர்ந்து இரண்டாம் உச்சம் தாழும். இரண்டின் உயரத்தையும் ஒப்பிட்டால் அணுப்பொருள் எவ்வளவு என்று வந்துவிடும்: பிரபஞ்சத்தின் மொத்தத்தில் 5 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. பெருவெடிப்பின் முதல் சில நிமிடங்களில் அணுக்கருக்கள் உருவானபோது மிஞ்சிய டியூட்டீரியத்தின் (கன ஹைட்ரஜனின்) அளவிலிருந்து, முற்றிலும் வேறு வழியில் கணக்கிட்டாலும் இதே விடை வருகிறது. ஒன்று சில நிமிடங்களில் நடந்த அணுக்கரு இயற்பியல், மற்றது 3,80,000 ஆண்டுகளில் நடந்த ஒலி இயற்பியல். இரண்டும் பேசிவைத்துக்கொள்ள வழியே இல்லை.

மூன்றாம் உச்சம் சொல்வது இருண்ட பொருளைப் பற்றி. இருப்பது அணுப்பொருளும் ஒளியும் மட்டும்தான் என்றால், ஒவ்வொரு உச்சமும் முந்தையதைவிடத் தாழ்ந்துகொண்டே போகவேண்டும். ஆனால் மூன்றாவது, இரண்டாவதன் உயரத்துக்கே கிட்டத்தட்ட எழுந்து நிற்கிறது. ஒளியின் அழுத்தம் தள்ளியும் கலையாத ஏதோ ஒன்று ஈர்ப்புக் குழியை ஆழமாகவே வைத்திருந்து, பாய்மம் இரண்டாம் முறை நெருங்கும்போதும் அதை இழுத்திருக்கிறது. ஒளியோடு எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ளாத, எடை மட்டும் உள்ள அந்தப் பொருள், அணுப்பொருளைப் போல ஐந்து மடங்குக்கும் மேல் இருக்கவேண்டும். இருண்ட பொருள் என்றாலே விண்மீன் திரள்கள் வேகமாகச் சுழல்வதைத்தான் முதலில் சொல்லித்தருகிறார்கள், அதை ஈர்ப்பு விதியைக் கொஞ்சம் திருத்தியும் விளக்கிவிடலாமே என்று பலர் கேட்கிறார்கள், நியாயமான கேள்விதான். எனக்கு நம்பிக்கை வந்தது திரள்களின் சுழற்சியால் அல்ல. இந்த மூன்றாம் உச்சத்தால். திரள்கள் பிறப்பதற்கு முன்பே, எதுவும் சுழலத் தொடங்கும் முன்பே, அந்தப் பொருள் அங்கே இருந்து வேலை செய்திருக்கிறது.

எதனோடும் எளிதில் மோதாத, மிக இலேசான துகள்களான நியூட்ரினோக்களைப் பற்றியும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். அவற்றில் மூன்று வகை என்பதை ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் இசட் என்ற துகள் சிதைவதைப் பார்த்துச் சொன்னார்கள், வந்த எண் 2.984. பிளாங்க் வானத்தைப் பார்த்துச் சொன்னது 2.99, பிழை 0.17. ஒன்று நிலத்தடிச் சுரங்கத்தில், இன்னொன்று பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால்.

எல்லாம் இப்படி அழகாகப் பொருந்திவிடுகிறது என்று சொன்னால் அது பொய். இந்த ஒளியிலிருந்து கணக்கிட்ட விரிவு வேகம் 67.4, அண்டை விண்மீன் திரள்களை நேரடியாக அளந்தால் 73 அளவில் வருகிறது, மெகாபார்செக்குக்கு (ஏறத்தாழ 32.6 லட்சம் ஒளியாண்டுக்கு) நொடிக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற அலகில். இரண்டு தரப்பும் தங்கள் பிழைகளைப் பல ஆண்டுகளாகத் துருவித் துருவிப் பார்த்தும் இடைவெளி மூடவில்லை. யார் பக்கம் என்று கேட்டால் நான் பதில் சொல்லமாட்டேன். ஆனால் பழைய ஒளியின் பக்கத்தில் உள்ள இயற்பியல் எவ்வளவு எளியது என்று பார்த்துவிட்டால், தப்பு அங்கே ஒளிந்திருக்க இடம் ரொம்பக் குறைவு என்றுதான் எனக்குப் படுகிறது.

முதல் ஏற்ற இறக்கங்களே எங்கிருந்து வந்தன என்பதற்கு, பிரபஞ்சம் தொடக்கக் கணத்தில் கண்மூடித் திறப்பதற்குள் பிரமாண்டமாக உப்பியது, அப்போது குவாண்டம் நடுக்கங்கள் நீண்டு பெரிதாகின என்பது இன்றைய முன்னணி விளக்கம். ஏற்ற இறக்கங்கள் பெரிய அளவுகளில் சற்று வலுவாகவும் சிறிய அளவுகளில் சற்று மெலிந்தும் இருக்கவேண்டும் என்று அது சொல்கிறது. எல்லா அளவிலும் சமம் என்றால் எண் 1, பிளாங்க் கண்டது 0.965. நல்ல அறிகுறி. ஆனால் அந்த உப்பல் ஈர்ப்பலைகளையும் கிளப்பியிருக்க வேண்டும், அவை இந்த ஒளியின் தளவிளைவில், அதாவது ஒளியலை எந்தத் திசையில் அதிர்கிறது என்பதில், ஒரு சுழல் வடிவத்தை விட்டிருக்க வேண்டும். 2014 மார்ச்சில் தென்துருவத்தின் பைசெப்2 குழு அதைக் கண்டுவிட்டோம் என்று அறிவித்தபோது நான் இரவு முழுக்க விழித்திருந்து படித்தேன். ஓராண்டுக்குள், பிளாங்க்கின் தரவையும் சேர்த்துப் பார்த்ததில், தெரிந்தது பெரும்பாலும் நம் பால்வழியின் தூசி என்று ஆகிவிட்டது. அந்தக் குழுவே அந்த ஆய்வில் சேர்ந்து உழைத்து, அதை எழுதி வெளியிட்டது. கருவியை இன்னும் கூர்மையாக்கித் தேடலைத் தொடர்கிறார்கள், சுழல் இன்னும் அகப்படவில்லை.

கடைசியாக, தலைப்பில் சொன்ன விஷயம். பெரிய கோணங்களில் உள்ள ஏற்ற இறக்கங்களை அளப்பதில் ஒரு சங்கடம் உண்டு, அதற்குக் கருவி காரணம் இல்லை. வானத்தை நான்காகப் பிரிக்கும் மிகப் பெரிய கோலத்துக்கு மொத்தமே ஐந்து எண்கள்தான். அந்த ஐந்தையும் எவ்வளவு துல்லியமாக அளந்தாலும், ஐந்து பகடைகளை உருட்டிப் பார்த்துப் பகடை எப்படிப்பட்டது என்று சொல்வதற்குச் சமம். கோபி முதல் பிளாங்க் வரை எல்லோரும் அந்தப் பெரிய கோலம் எதிர்பார்த்ததைவிட மங்கலாக இருப்பதாகக் காண்கிறார்கள். அது புது இயற்பியலின் அடையாளமா, பகடை விழுந்த விதமா? அடுத்த கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இதற்கு விடை சொல்லாது, ஏனென்றால் அதே ஐந்து எண்களைத்தான் அதுவும் படிக்கும். நம் இடத்திலிருந்து தெரியும் வானம் ஒன்றுதான்.

1997-இல் மார்க் காமியன்கோவ்ஸ்கியும் அவி லோபும் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். தொலைவில் இருக்கும் விண்மீன் திரள் கொத்து ஒவ்வொன்றிலும் சூடான எலக்ட்ரான்கள் நிறைந்திருக்கின்றன. அவையும் அந்தப் பழைய ஒளியில் குளித்துக்கொண்டிருக்கின்றன, ஆனால் அவை இருக்கும் இடம் வேறு, காலம் வேறு, ஆகவே அவற்றைச் சுற்றித் தெரிந்த வானமும் வேறு. அந்த எலக்ட்ரான்கள் ஒளியைச் சிதறடிக்கும்போது, தாங்கள் கண்ட பெரிய கோலத்துக்கு ஏற்றபடி அதற்குத் தளவிளைவைக் கொடுக்கின்றன. அதை நம்மால் அளக்க முடிந்தால், ஐந்நூறு கோடி ஆண்டுகளுக்கு முன், நாம் ஒருநாளும் போகமுடியாத ஓரிடத்திலிருந்து வானம் எப்படித் தெரிந்தது என்பது நம் கைக்கு வரும். ஒரு கொத்துக்கு ஒரு வானம், ஆயிரம் கொத்துகளுக்கு ஆயிரம். அந்தச் சமிக்ஞை மைக்ரோகெல்வினிலும் ஒரு சிறு பங்குதான், இதுவரை யாரும் அதைப் பிடிக்கவில்லை. பிடித்து அட்டவணையாக வெளியிடும் நாளில், அதையும் இறக்கி வரைந்து பார்க்கக் காத்திருக்கிறேன்.